ஓர் அங்குலத் தாழ்வு

நகர ஆட்சியாளரின் பத்திரங்களில் அடிக்கடி வரும் சொற்களுள் 'தற்காலிகம்' என்பதும் ஒன்று. தெரு தற்காலிகமாக மூடப்படும்; பாலம் தற்காலிகமாகத் தாங்கப்படும்; குழாய் தற்காலிகமாகத் திருப்பப்படும். படிப்போர் மனத்தை ஆற்றும் இயல்பு அச்சொல்லுக்கு உண்டு. பெருந்தெரு அமைப்போர் நிலத்தின் அடியிலிருந்து நீரை இறைக்கும்போதும் இச்சொல்லையே கையாளுவர். குழி தோண்டி முடியும்வரை நீர் இறைக்கப்படும். வேலை முடிந்ததும் இயந்திரங்கள் நிறுத்தப்படும். நீர் தன் பழைய மட்டத்தை நாடி மீளும். இவற்றுள் பொய் எதுவும் இல்லை. ஆயின், நீரோடு சேர்ந்து நிலமும் மீளுமா என்னும் கேள்விக்கு அச்சொல்லில் விடை இல்லை. 2014ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலுள்ள சியாற்றில் நகரின் மாநகரசபை எதிர்நோக்க நேர்ந்தது இக்கேள்வியையே.

அந்நகரின் கடல்முகப்பை ஒட்டி, அலாஸ்கன் வே என்னும் தெருவின் மேலாக, ஈரடுக்கு உயர்மட்டப் பெருந்தெரு ஒன்று 1953ஆம் ஆண்டிலிருந்து நின்றது. 2001 பெப்ரவரி 28ஆம் நாள் நிகழ்ந்த நிஸ்குவாலி நிலநடுக்கம் அதனைப் பழுதாக்கியது. நடுக்கத்தின் அளவு 6.8. தூண்கள் விழவில்லையெனினும் அடுத்த நடுக்கத்திலும் அவை நிற்குமென உறுதி கூற எவரும் துணியவில்லை. மாற்று வழி யாது என்பது பற்றி மாநிலத்தாரும் நகரத்தாரும் எட்டு ஆண்டுகள் வாதாடினர். ஈற்றில் 2009இல் வாஷிங்டன் மாநிலச் சட்டமன்றம், நகர மையத்தின் அடியாகப் பெருஞ்சுரங்கம் ஒன்றைத் துளைத்து, பெருந்தெருவை அதனுள் இறக்குவதென முடிவு செய்தது.

அம்முடிவைத் தாங்கிய சட்டத்திலே வியப்புக்குரிய ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. செலவு 280 கோடி டொலரைக் கடக்குமாயின், மேற்படும் தொகையைச் சுரங்கத்தால் நன்மை அடையும் சியாற்றில் பகுதிச் சொத்துடையோரே ஏற்றல் வேண்டும் என்பது அது. அத்தொகையை எவ்வாறு அறவிடுவது என்பதற்கான முறை எதுவும் அதில் வகுக்கப்படவில்லை. வாளை உறையிலிருந்து உருவிக் காட்டிவிட்டு மீண்டும் உறையில் இட்டது போன்ற வாசகம் அது எனலாம். ஆயினும், காட்டப்பட்ட வாள் மறக்கப்படுவதில்லை. அவ்வாண்டு நகர முதல்வராகத் தெரிவான மைக் மக்கின் என்பவர், பெருவேலை மாநிலத்தினுடையதாயின் பெருவேலையின் இடரும் மாநிலத்தினுடையதாகவே இருத்தல் வேண்டும் என நின்றார். 2011 பெப்ரவரியில் மாநிலத்துடனான ஒப்பந்தங்களை மாநகரசபை எட்டுக்கு ஒன்று என்ற வாக்கினால் ஏற்றபோது, அவர் தம் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தினார். சபை அத்தடையையும் அதே எட்டு வாக்குகளால் நீக்கியது. அவ்வாண்டு ஆகஸ்து மாதத்தில் நடந்த வாக்கெடுப்பிலும் மக்கள் சபையின் பக்கமே நின்றனர். நகர முதல்வரின் அச்சம் மிகையானது எனப் பலர் அன்று எண்ணினர். அது மிகையோ அன்றோ, அவர் விரல் சுட்டிய இடம் சரியான இடமே என்பதைப் பின்னர் நிகழ்ந்தவை காட்டின.

துளைபொறியை ஜப்பானின் ஹிட்டாச்சி சோசன் நிறுவனம் ஆக்கி அளித்தது. அதன் விட்டம் 57.5 அடி, அக்காலத்தில் உலகில் அவ்வகைப் பொறிகளுள் அதுவே பெரியது. 1926 முதல் 1928 வரை அந்நகரின் முதல்வராக விளங்கிய பேர்த்தா நைட் லாண்டிஸ் அம்மையாரை நினைந்து அதற்குப் 'பேர்த்தா' எனப் பெயரிட்டனர். 2013 யூலை 30இல் அது தன் பயணத்தைத் தொடங்கியது. டிசெம்பர் 3ஆம் நாள் நிலத்துள் நின்ற உருக்குக் குழாய் ஒன்றை மோதியது. மூன்று நாள் கழித்து, ஏறத்தாழ 9,270 அடி செல்லவேண்டிய பொறி 1,000 அடியளவில் நின்றுவிட்டது. அதன் பின் இரண்டு ஆண்டுகள் அது நகரவில்லை.

அக்குழாயின் வரலாறு சிறிது நின்று நோக்கற்பாலது. 8 அங்குல விட்டமும் 119 அடி நீளமும் கொண்ட அது, நிலநடுக்கத்தின் பின்னர் தரைக்கீழ் நீரின் போக்கை ஆராயும்பொருட்டு 2002இல் மாநிலத்தார் இறக்கிய சோதனைக் கிணறு ஒன்றின் உறையாகும். நீரை அறிய இறக்கிய குழாயை மோதிய பின் பொறி நின்றது. நின்ற பொறியை மீட்க நீரை இறைக்க வேண்டியதாயிற்று. இறைத்த நீரால் நகரம் தாழ்ந்தது. கதை கட்டுவோன் இவ்வாறு கட்டியிருப்பின் செயற்கை என்று தள்ளிவிடலாம். குழாயினால்தான் பொறி பழுதுற்றதா, பொறியின் அமைப்பிலேயே குறை இருந்ததா என்பது பின்னர் வழக்காயிற்று.

பொறியின் முகத்தை வெளியே எடுத்துத் திருத்துவதற்கு, அதன் முன்னே 120 அடி ஆழமும் 80 அடி அகலமும் உடைய வட்டக்குழி ஒன்று தோண்டப்பட்டது. குழியின் அடித்தளம் கடல்மட்டத்துக்கு மிகக் கீழே அமைந்தது. அத்தகைய ஆழத்தில், சுற்றியுள்ள நிலத்தின் நீரழுத்தத்தைக் குறைக்காது தோண்டுவோர், குழியின் அடித்தளம் மேல்நோக்கிப் பொங்கி உடைவதைக் காண நேரும். எனவே ஆழ்கிணறுகள் இறக்கப்பட்டு, 2014இன் இறுதிப்பகுதியில் நீர் இறைக்கப்பட்டது. பொறியியலில் இது புதுமையன்று. ஆழ்ந்த அத்திவாரம் இடும் எந்த நகரத்திலும் நடைபெறுவது.

எனினும் அந்நிலம் எந்நிலம் என்பதை இங்கு கருதல் வேண்டும். குழிக்கு அண்மையிலுள்ள பயனியர் சதுக்கமே சியாற்றிலின் தொல்பகுதி. 1889 யூன் 6ஆம் நாள் எழுந்த பெருந்தீ அங்கிருந்த மரக்கட்டடங்களை அழித்தது. அதன் பின் தெருக்களை உயர்த்தி, செங்கல்லாற் கட்டினர். பழைய நடைபாதைகள் இன்றும் புதிய நடைபாதைகளின் கீழே நிலவறைகள்போற் கிடக்கின்றன. அடியில் உள்ளதோ இயற்கை நிலம் மட்டுமன்று. கடலேற்றத்தில் மூழ்கி வடியும் சேற்றுநிலத்தின்மீது மரவாலையின் மரத்தூளும் கழிவும் மண்ணும் கொட்டி நிரப்பிய தளம் அது. அத்தளத்தின்மேல் நூற்றாண்டு கடந்த செங்கற்சுவர்களும், தெருவின் கீழே வார்ப்பிரும்புக் குழாய்களும், அருகே நடுக்கத்தால் ஏற்கெனவே சில அங்குலம் தாழ்ந்துபோன உயர்மட்டப் பெருந்தெருவும் இருந்தன.

நீரை இறைத்தால் நிலம் ஏன் தாழ்கின்றது என்பது மண்பொறியியலின் அரிச்சுவடி. நீர் நிறைந்த மண்ணில், மேலேயுள்ள சுமையை மண்மணிகளும் அவற்றிடையேயுள்ள நீரும் பங்கிட்டுச் சுமக்கின்றன. நீரின் மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தால், சதுர மீற்றருக்கு ஏறத்தாழ ஒரு தொன் எடை நீரிடமிருந்து மண்மணிகளின் தோளுக்கு மாறுகின்றது. மேலே ஒரு செங்கல்லும் புதிதாக வைக்கப்படவில்லை. ஆயினும் நிலம் புதிய சுமையை உணர்கின்றது. அடர்ந்த மணல் அதனைப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். களியும் சேறும் நிரப்புமண்ணும் பொறுப்பதில்லை, நெருங்கி அமர்கின்றன. நீர் திரும்பி வந்து சுமையிற் பங்கை மீண்டும் ஏற்கும்போது, அமர்ந்த மண் சிறிதளவே எழும். ஒருமுறை மிதித்து இறுக்கிய வைக்கோல் கால் எடுத்ததும் பழைய உயரத்தை அடையாதவாறு போன்றது இது. ஆதலின், இறைத்தல் தற்காலிகம்; இறங்குதல் தற்காலிகமன்று.

120 அடி செல்லவேண்டிய குழி ஏறத்தாழ 80 அடியை எட்டிய வேளையில், நிலத்தை அளந்துகொண்டிருந்த கருவிகள் தாழ்வைக் காட்டின. உயர்மட்டப் பெருந்தெருவும் அண்மை நிலமும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாகத் தாழ்ந்திருந்தன. டிசெம்பர் தொடக்கத்திற் செய்தி வெளியாயிற்று. இரண்டாம் வாரத்தில் மாநிலப் போக்குவரத்துத் திணைக்களத்தார் மாநகரசபையின் முன் தோன்றி விளக்கம் அளித்தனர். பயனியர் சதுக்கத்தில் 30 வரையான கட்டடங்களைப் பார்வையிட ஏற்பாடு செய்யப்பட்டது.

பொறியியலாளர் கூறிய ஆறுதல், தாழ்வு பெரும்பாலும் ஒரே சீராக உள்ளது என்பதாகும். இதனை வெறும் சமாதானம் எனத் தள்ளல் ஆகாது. கட்டடத்தை உடைப்பது தாழ்வன்று, தாழ்வின் வேற்றுமையே. முழு வீடும் ஓர் அங்குலம் இறங்கினால் வீட்டார் அறியவும் மாட்டார். ஒரு மூலை மட்டும் அதிற் பாதி இறங்கினாலும் கதவு சாத்தாது, சுவர் வெடிக்கும். ஆயின் சபையில் எழுந்த கவலை வேறு தன்மையது. பெருந்தெருவில் வாகனங்கள் ஓடிக்கொண்டிருந்தன. அதனை மூடும் அதிகாரம் மாநிலத்திடம் இருந்தது. குழியும் பொறியும் ஒப்பந்தகாரரிடம் இருந்தன. கிணறும் நீரும் அவ்வாறே. தாழ்ந்த தெருவும் தெருவின் கீழான குழாயும் மட்டும் நகரத்தினுடையவை. இழப்பைத் தாங்குவோர் கையில் விசை எதுவும் இல்லை என்பதே அன்றைய நிலை.

இறைப்பதை உடனே நிறுத்துக எனக் கேட்டிருக்கலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் உள்ளது. பாதி தோண்டிய குழியைச் சூழ்ந்து நீர் திரும்புமாயின், குழியின் அடித்தளம் மேல்நோக்கிய அழுத்தத்துக்கு உள்ளாகும்; சுவருக்கும் இடர் நேரும். ஏற்கெனவே தாழ்ந்த நிலத்தை உயர்த்த அதனால் இயலாது. தொடங்கிய இறைப்பை முடிப்பதே பாதுகாப்பு என்னும் நிலைக்கு எல்லோரும் வந்துசேர்ந்திருந்தனர். மறுக்கும் உரிமை பயன்தரும் காலம், முதற் கிணறு இறக்கப்படுவதற்கு முந்திய காலமே. சபைக்கு அக்காலம் 2011இல் வாய்த்தது. அது தன் வாக்கை அன்றே அளித்திருந்தது.

சட்டத்தின் பக்கம் திரும்பினால் அங்கும் வழுக்கலே. ஆங்கிலப் பொதுச்சட்டம் நிலத்தின் அடியில் ஊறும் நீரைக் காற்றைப்போல உடையவனற்ற பொருளாகவே நெடுங்காலம் கருதிவந்தது. 1843இல் தீர்க்கப்பட்ட அக்ரன் எதிர் பிளண்டல் வழக்கில், அயலவன் நிலக்கரி அகழ்ந்ததால் தன் கிணறு வற்றியவனுக்குப் பரிகாரம் கிடைக்கவில்லை. 1869இல் பொப்பிள்வெல் எதிர் ஹொட்கின்சன் வழக்கு ஒரு படி மேலே சென்றது. தேவாலயம் ஒன்று கட்டுவதற்காக ஈரநிலத்தின் நீர் வடிக்கப்பட்டது; அருகேயிருந்த சிறுவீடுகளின் நிலம் அமிழ்ந்தது. நிலம் அயல்நிலத்தைத் தாங்கும் உரிமை உண்டு. நீர் தாங்கும் உரிமை இல்லை என்றது மன்று. 1899இல் ஜோர்டெசன் என்பார் எரிவாயு நிறுவனம் ஒன்றின்மீது தொடுத்த வழக்கில், வெளியேறியது நீரன்று, நீரோடு ஓடிய நுண்மணல் எனக் கண்டு, நீதிபதிகளுட் பெரும்பான்மையோர் வழக்காளிக்குத் தீர்ப்பளித்தனர். தெளிந்த நீர் ஓடினால் பொறுப்பில்லை, கலங்கிய நீர் ஓடினால் பொறுப்புண்டு என்னும் இந்நுண்மை, வெடித்த சுவரின் முன்னே நிற்கும் வீட்டுக்காரனுக்கு எவ்வாறு விளங்குமோ!

பெருந்தெரு அமைப்போடு நேரே தொடர்புடையது 1970ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் வெளியான லாங்புறூக் எதிர் சரே கவுண்டி சபை வழக்கு. இங்கிலாந்தின் சன்பரிப் பகுதியில் மோட்டார்ப் பெருந்தெரு வேலைக்காகத் தோண்டிய குழிகளை உலரவைக்க நீர் இறைக்கப்பட்டது. அருகேயிருந்த காணியின் அடிநீர் வடிந்து, அங்கு எழுப்பிய கட்டடங்கள் தாழ்ந்தன. நீதிபதி பிளௌமன், தொல்லை என்ற அடிப்படையிலும் கவனயீனம் என்ற அடிப்படையிலும் வழக்கு நில்லாது எனத் தீர்த்தார். இறைப்போன் எவ்வளவு கவனமின்றி இறைத்தாலும், இறைக்கும் உரிமை அவனுக்கு உண்டு என்பதே அதன் பொருள். 1987இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு மன்றும் இதே வழியிற் சென்றது. நிலத்தின் அடியில் நடப்பது எவர் கண்ணுக்கும் புலனாகாத காலத்தில் பிறந்த விதி, அங்குலத்தின் நூற்றில் ஒரு பங்கையும் அளக்கும் கருவிகள் பிறந்த பின்னும் உயிரோடிருப்பது வியப்பே.

அமெரிக்கர் அவ்விதியைச் சிறிது சிறிதாகக் கைவிட்டனர். 1978இல் ரெக்சாஸ் மாநிலத்தின் உயர்மன்று, பிரென்ட்ஸ்வுட் வழக்கிலே பழைய விதியைப் பழைய நிகழ்ச்சிக்கு ஏற்றுக்கொண்டு, இனி வருவோர் கவனயீனமாய் நீரை இறைத்து அயல்நிலத்தைத் தாழ்த்தினாற் பொறுப்பாளியாவர் என அறிவித்தது. வழக்குத் தொடுத்தோர் தோற்றனர். அவர்களுக்குப் பின் வருவோர் வென்றனர். 1979இல் வெளியான தீங்கியற் சட்டத் தொகுப்புரையின் 818ஆம் பிரிவு, நீரை எடுக்கும் உரிமை அயலவன் நிலத்தைத் தாழ்த்தும் உரிமையாகாது எனக் கூறியது. வாஷிங்டன் மாநிலத்தின் அரசியலமைப்போ, பெருந்தீ எரிந்த அதே 1889ஆம் ஆண்டில் வரையப்பட்டது. பொதுத் தேவைக்காகத் தனியார் சொத்து எடுக்கப்பட்டாலும் பழுதாக்கப்பட்டாலும் நட்டஈடு வழங்கப்படல் வேண்டும் என்பது அதன் முதலாம் உறுப்புரையில் உள்ளது. 'எடுக்கப்பட்டாலும்' என்பதோடு நில்லாது 'பழுதாக்கப்பட்டாலும்' எனச் சேர்த்த அவ்வொரு சொல்லிலே, பயனியர் சதுக்கத்துக் கட்டடக்காரருக்கு இங்கிலாந்தின் வீட்டுக்காரருக்கு இல்லாத பற்றுக்கோடு இருந்தது.

பற்றுக்கோடு இருப்பினும் எண்பிக்கும் சுமை நீங்கவில்லை. இச்சுவர் வெடிப்பு 2014இல் வந்ததா, 2001இல் வந்ததா, 1949இன் நிலநடுக்கத்தில் வந்ததா? நிரப்புநிலம் யாரும் நீர் இறைக்காவிடினும் ஆண்டுதோறும் சிறிது அமர்கின்றது. உயர்மட்டப் பெருந்தெரு முன்னரே தாழ்ந்து வந்தது. வேலை தொடங்குவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும் ஒளிப்படம் எடுத்து, ஒவ்வொரு வெடிப்பின் அகலத்தையும் எழுதி, இரு தரப்பும் ஒப்பமிட்ட பதிவே இத்தகைய வழக்கில் உண்மையான சாட்சி. சட்டவல்லுநரின் வாதத்திறன் அதன் பின்னரே வருவது. அத்தகைய பதிவு இல்லாத இடத்தில், பொறுப்பு யாருடையது என்ற வினா அறிஞரின் ஊக உரைகளிடம் ஒப்படைக்கப்படுகின்றது. அறிஞர் இரு தரப்பிலும் கிடைப்பர்.

நகரத்தின் சொந்தப் பொருளில் முதலிற் கவலை தந்தது வெஸ்டர்ன் அவெனியூவின் கீழே சென்ற பழைய வார்ப்பிரும்புத் தண்ணீர்க் குழாய். வார்ப்பிரும்பு வளைவதில்லை, உடைவது. தாழ்ந்த தெருவில் அத்தகைய பெருங்குழாய் உடைந்தால், வெளிப்படும் நீர் நிரப்புமண்ணை அரித்து, தாழ்வுக்கு மேல் தாழ்வை உண்டாக்கும். குழாய் உடையும்வரை காத்திருந்து நட்டஈடு கேட்பது அறிவுடைமையாகாது. உடையுமுன் மாற்றினால், உடையாத குழாய்க்கு ஏன் பணம் என எதிர்த்தரப்பு வினவும். முன்னெச்சரிக்கையாளன் தன் செலவை மீட்பதற்கு, நேராத இடரை எண்பிக்கவேண்டியவனாகின்றான். தெருக்களும் குழாய்களும் தொடர்பாக யார் எப்பொறுப்பை ஏற்பர் என மாநிலத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தங்கள் இருந்தமை இவ்விடத்தில் நகரத்துக்குக் கைகொடுத்தது. 2011இல் வாதத்துக்கும் தடைக்கும் வாக்கெடுப்புக்கும் உள்ளான அதே தாள்கள், எதிர்த்தோர் அஞ்சியவாறு நகரத்தைக் கட்டியதோடு மாநிலத்தையும் ஓரளவு கட்டியிருந்தன.

குழி தோண்டி முடிந்தது. 2015 பெப்ரவரியில் பொறி குழியின் சுவரைத் துளைத்து வெளிப்பட்டது. மார்ச் இறுதியில் ஏறத்தாழ 2,000 தொன் எடையுள்ள அதன் முகம் மேலே தூக்கப்பட்டது. அவ்வாண்டு டிசெம்பரில் மீண்டும் புறப்பட்டு, 2017 ஏப்ரல் 4ஆம் நாள் மறுகரையை எட்டியது. சுரங்கப் பெருந்தெரு 2019 பெப்ரவரி 4இல் திறக்கப்பட்டது. தாழ்ந்த உயர்மட்டப் பெருந்தெரு அவ்வாண்டே இடித்து அகற்றப்பட்டது. நிலம் தாழ்ந்ததற்குச் சாட்சியாய் நின்றவற்றுள் மிகப் பெரியது அவ்வாறு மறைந்தது.

மாநிலத்துக்கும் ஒப்பந்தகாரருக்கும் இடையிலான வழக்கை 2019 டிசெம்பரில் யூரிமார் தீர்த்தனர். உருக்குக் குழாயின்மேல் தாமதத்தின் பழியைச் சுமத்திய ஒப்பந்தகாரரின் வாதத்தை அவர்கள் ஏற்கவில்லை. மாநிலத்துக்கு 5 கோடியே 72 இலட்சம் டொலர் வழங்கப்படல் வேண்டும் என்றனர். 2022இல் மேன்முறையீட்டு மன்று அதனை உறுதிசெய்தது. அவ்வழக்கில் எடைபோடப்பட்டவை காலமும் ஒப்பந்தமுமே. 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தைக் காட்டிச் சொத்துடையோரிடம் எத்தொகையும் அறவிடப்படவில்லை. வெஸ்டர்ன் அவெனியூவின் பழைய குழாய் பயனிலிருந்து விலக்கப்பட்டு, அதன் இடத்திற் புதிய குழாய் இடப்பட்டது. ஆழ்கிணறுகள் நின்றபின் நீர் தன் மட்டத்தை நாடி மீண்டது. பயனியர் சதுக்கத்துச் செங்கற்கட்டடங்கள் தாம் இறங்கிய இடத்திலேயே நிற்கின்றன.